பதின்மூன்று விநாடி மோகம்

அமெரிக்காவின் பழைய மசில் கார்களைப் பேணுவோர் உலகில் ஒரு மந்திரம் பல பத்தாண்டுகளாக ஓதப்பட்டு வருகிறது. "நாலு பத்துப் பின்னச்சு, மூவாயிரம் ஸ்டோல் கன்வேர்ட்டர்" என்பதே அந்த மந்திரம். எஞ்சின் எது, காரின் நிறை என்ன, உரிமையாளர் அக்காரில் எங்கே போகப்போகிறார் என்று ஒரு வார்த்தையேனும் கேளாமல் இந்த மருந்துச்சீட்டை எழுதிக் கொடுக்கும் கராஜ்காரர்கள் இன்றும் பலர் உள்ளனர். நோயாளியைப் பாராமல் மருந்து கொடுப்பவரை நாம் வைத்தியர் என்று அழைப்பதில்லை. இவர்களை மட்டும் நிபுணர்கள் என்கிறோம்.

இது இயந்திரப் பித்தர்களின் உள்வீட்டுச் சண்டை என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் இதன் விளைவை அமெரிக்காவின் எந்தக் கார்த் திருவிழாவிலும் கண்ணாரக் காணலாம். ஓடுவதற்கென்று பிறந்த கார்கள் இழுவை வண்டிகளில் ஏற்றப்பட்டு வருகின்றன; புல்வெளியில் இறக்கி வைக்கப்படுகின்றன; மாலையில் மீண்டும் ஏற்றப்பட்டுப் போகின்றன. ஏன் ஓட்டி வரவில்லை என்று கேட்டால், "நெடுஞ்சாலையில் இதை ஓட்ட முடியாது" என்று பெருமையோடு சொல்கிறார்கள். வெட்கத்தோடு சொல்லவேண்டிய விடயம் அது.

பொன்டியாக்கின் 1964-ஆம் ஆண்டு ஜீ.டி.ஓ. தொடக்கம் 1970-களின் முற்பகுதி வரை, நடுத்தர உடலுக்குள் பெரிய வி-8 எஞ்சினைத் திணித்து டெட்ரோய்ட் விற்ற கார்களையே மசில் கார் என்கிறோம். இவற்றுள் பெரும்பாலானவை வேலைக்குப் போகவும், சந்தைக்குப் போகவும், விடுமுறைக்கு நானூறு மைல் அப்பாலுள்ள பாட்டி வீட்டுக்குப் போகவும் பயன்பட்டவை என்பதை நாம் மறந்துவிட்டோம்.

கணக்கைப் பார்ப்போம். பின்னச்சு விகிதம் என்பது கிரவுன்வீலுக்கும் பினியனுக்கும் இடையிலுள்ள பல் கணக்கு. 4.10 என்றால், பின்சக்கரம் ஒருமுறை சுழல உந்துதண்டு 4.10 முறை சுழல வேண்டும். எண் ஏற ஏறப் புறப்பாட்டின் பாய்ச்சல் கூடும்; அதே அளவுக்கு நெடுஞ்சாலையில் எஞ்சினின் சுழற்சியும் கூடும். அக்காலத்தில் பரவலாகப் பூட்டப்பட்ட தானியங்கிக் கியர்பெட்டிகளான ஜெனரல் மோட்டர்ஸின் டர்போ ஹைட்ராமெட்டிக் 350, 400, கிறைஸ்லரின் டோர்க்பிளைட், போர்டின் சீ-6 ஆகிய எல்லாமே மூன்று கியர்களோடு நின்றவை. மூன்றாவது கியர் ஒன்றுக்கு ஒன்று. ஆகவே, மணிக்கு எத்தனை மைல் என்பதைப் பின்னச்சு விகிதத்தால் பெருக்கி, அதை 336-ஆல் பெருக்கி, டயரின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து வகுத்தால் எஞ்சினின் நிமிடச் சுழற்சி கிடைத்துவிடும். 26 அங்குல டயரும் 4.10 பின்னச்சும் கொண்ட கார் மணிக்கு 70 மைலில் போகும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 3,700 முறை சுழல்கிறது. கன்வேர்ட்டரின் வழுக்கலாக நூற்றுக்கு ஐந்தைச் சேர்த்தால் 3,900. அதே கார் 3.08 பின்னச்சோடு இருந்தால் 2,790. இதற்குப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. கலைப்பட்டதாரியான எனக்கே காகிதத்தின் ஓரம் போதுமாயிருக்கிறது.

மந்திரம் எங்கிருந்து வந்தது? இதில் என் தொழிலுக்குப் பெரிய பங்கு உண்டு. அதனாலேயே எனக்குக் கோபமும் அதிகம். பத்திரிகைக்குத் தலைப்பு வேண்டும். தலைப்புக்கு எண் வேண்டும். நின்ற நிலையிலிருந்து கால் மைல் தூரத்தை எத்தனை விநாடியில் கடந்தது என்பதைவிட வசதியான எண் மோட்டார் பத்திரிகையாளனுக்கு வாய்த்ததில்லை. ஆறுமணிநேரப் பயணத்துக்குப் பின் ஓட்டுநரின் தலை எவ்வளவு வலித்தது என்பதற்கு எண் இல்லை. எனவே அது தலைப்புக்கு வரவில்லை. 1964 மார்ச் இதழில் 'கார் அண்ட் டிரைவர்' சஞ்சிகை பொன்டியாக் ஜீ.டி.ஓ.வைச் சோதித்து, கால் மைலை 13.1 விநாடியில் கடந்ததாக எழுதியது. அந்த எண் ஒரு தலைமுறையையே மயக்கியது. சோதிக்கப்பட்ட காருக்குள் இருந்தது கடையில் விற்கப்பட்ட 389 கன அங்குல எஞ்சின் அன்று, 421 கன அங்குல எஞ்சின் என்பதைப் பொன்டியாக்கின் விளம்பர வேலையை முன்னின்று நடத்திய ஜிம் வாங்கர்ஸ் பிற்காலத்தில் தாமே ஒப்புக்கொண்டார். பொய்யான காரின் மெய்யான எண்ணைத் துரத்தித்தான் ஆயிரமாயிரம் இளைஞர்கள் தங்கள் கார்களின் பின்னச்சைக் கழற்றினார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு; அதை எவரும் பேசுவதில்லை. 1974-இன் தொடக்கத்தில், எண்ணெய் நெருக்கடியை ஒட்டி, அமெரிக்கா முழுவதற்கும் மணிக்கு 55 மைல் என்ற வேக எல்லை சட்டமாயிற்று. 1987-இல் நகருக்கு வெளியேயுள்ள நெடுஞ்சாலைகளில் 65 வரை தளர்த்தப்பட்டு, 1995-இலேதான் அது முற்றாக நீக்கப்பட்டது. மந்திரத்தை ஓதும் மூத்தவர்களிற் பலர் தொழில் கற்றது இந்த 55 மைல் காலத்தில். 55 மைலில் 3.73 பின்னச்சு 2,650 சுழற்சியைத்தான் கேட்கும், சகிக்கலாம். இன்று பல மாநிலங்களில் எல்லை 70, 75. டெக்சாஸில் 2012-இல் திறக்கப்பட்ட 130-ஆம் இலக்கச் சாலைப் பகுதியொன்றில் 85. சாலை மாறிவிட்டது, மருந்துச்சீட்டு மாறவில்லை.

ஒன்ராறியோவில் வாழும் என் தங்கையின் மகன் 1970-ஆம் ஆண்டுச் செவெல் ஒன்றை வாங்கினான். டர்போ ஹைட்ராமெட்டிக் 400 கியர்பெட்டியும் 3.31 பின்னச்சும் கொண்ட, குணமான கார். பெயர்பெற்ற கராஜ் ஒன்று அவனைப் பிடித்து 4.10 பின்னச்சையும் மூவாயிரம் கன்வேர்ட்டரையும் பூட்டி அனுப்பியது. "மாமா, 401-இல ஏறினா அம்மா பின்சீற்றில இருந்து கதைக்கிறது கேக்கேல்ல" என்று தொலைபேசியில் சொன்னான். அது சிறிய துன்பம். இரண்டாவது கோடையில் கியர்பெட்டியின் எண்ணெய் கறுத்து, கருகிய மணம் வீசத் தொடங்கியது பெரிய துன்பம். கராஜ்காரர் சொன்ன விளக்கம்: "மசில் கார் என்றால் இப்படித்தான்." அப்படியன்று. மசில் கார் என்றால் இப்படித்தான் என்று சொல்பவரிடம் போனால் இப்படித்தான்.

எண்ணெய் ஏன் கருகுகிறது என்பதுதான் இந்த விவகாரத்தின் அடிநாதம். டோர்க் கன்வேர்ட்டர் என்பது எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே எண்ணெயால் ஆன பாலம். எஞ்சினோடு சுழலும் விசிறி எண்ணெயை வீச, எதிரேயுள்ள டர்பைன் அதை வாங்கிச் சுழல்கிறது. நடுவிலுள்ள ஸ்டேட்டர் திரும்பி வரும் எண்ணெயின் திசையை மாற்றி, புறப்படும் வேளையில் முறுக்குவிசையை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கித் தருகிறது. ஜேர்மனியப் பொறியியலாளர் ஹேர்மன் பொட்டிங்கர் 1905-இல் காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாடு முதலில் கப்பல்களுக்காகச் சிந்திக்கப்பட்டது. டர்பைனை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு எஞ்சினை முழுமூச்சில் முடுக்கினால் அது எந்தச் சுழற்சியில் ஏறி நிற்குமோ அதுவே ஸ்டோல் வேகம். சாதாரணத் தொழிற்சாலைக் கார்களில் இது 1,600 முதல் 2,200 வரையில் இருக்கும்.

கடைக்காரர் பெட்டியில் ஒட்டும் "3000" என்ற எண் கன்வேர்ட்டரின் பிறவிக்குணம் அன்று. அது எஞ்சினின் முறுக்குவிசையைப் பொறுத்தது. முறுக்குவிசையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஏறும், இறங்கும். 300 இறாத்தல்-அடி எஞ்சினுக்குப் பின்னால் 2,400-இல் நிற்கும் கன்வேர்ட்டர், 450 இறாத்தல்-அடி எஞ்சினுக்குப் பின்னால் 2,900-க்கு மேல் போய் நிற்கும். எஞ்சினைக் கேட்காமல் எண் சொல்பவர் உங்களுக்குக் கன்வேர்ட்டரை விற்கவில்லை, ஒட்டுத்தாளை விற்கிறார்.

பாலத்தில் வழுக்கல் இருந்தால் வெப்பம் இருக்கும். ஆறுகளைக் கட்டி நிறுத்தினாற்போன்ற முகப்புடைய அந்தக் காலத்துக் கார் ஒன்றை மணிக்கு 70 மைலில் வைத்திருக்க ஏறத்தாழ 25 முதல் 30 கிலோவாட் வலு வேண்டும். கன்வேர்ட்டர் அதில் நூற்றுக்குப் பத்தை வழுக்கலில் இழந்தால், இரண்டரை மூன்று கிலோவாட் வெப்பம் எண்ணெய்க்குள் இறங்குகிறது. வீட்டிலுள்ள மின்கேத்தலை நினைத்துப் பாருங்கள். அந்தக் கேத்தலைக் கியர்பெட்டிக்குள் வைத்து, டெட்ரோய்ட்டிலிருந்து சிக்காகோ வரை நான்கு மணிநேரம் அணைக்காமல் கொதிக்கவிடுவதற்குச் சமம் இது. எண்ணெய் கருகாமல் வேறென்ன செய்யும்?

நான் வேகத்துக்கு எதிரி அல்லன். சனிக்கிழமை ஓடுபாதைக்குப் போய், ஓடி, இழுவை வண்டியில் வீடு திரும்புபவருக்கு 4.10 என்ன, 4.56 பூட்டினாலும் எனக்குக் கவலையில்லை. அவர் தேவையறிந்து செய்கிறார். என் வழக்கு, வேகமும் சுகமும் ஒன்றையொன்று தின்னும் என்று சொல்லி, வேகத்துக்காகச் சுகத்தைக் கைவிடும்படி சாதாரண உரிமையாளரிடம் சொல்பவர்களோடு. அந்தத் தேர்வு 1980-களின் தொடக்கத்திலேயே தேவையற்றதாகிவிட்டது.

எரிபொருள் சிக்கனச் சட்டம் 1975-இல் வந்தது. அதன் நெருக்குதலால் டெட்ரோய்ட் நான்கு கியர் தானியங்கிகளைச் செய்தது: போர்டின் ஏ.ஓ.டி. 1980-இல், ஜெனரல் மோட்டர்ஸின் 200-4-ஆர் 1981-இல், 700-ஆர்-4 1982-இல். நான்காவது கியர் ஓவர்டிரைவ். ஏ.ஓ.டி.யிலும் 200-4-ஆரிலும் 0.67, 700-ஆர்-4-இல் 0.70. ஜெனரல் மோட்டர்ஸின் இரண்டு பெட்டிகளிலும் லொக்-அப் கன்வேர்ட்டர் உண்டு. நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கிளச் எண்ணெய்ப் பாலத்தைத் தாண்டி இரும்பை இரும்போடு பூட்டிவிடும். வழுக்கல் இல்லை, கேத்தல் அணைந்துவிடும். பக்காட் நிறுவனம் இதே யோசனையை 1949-இலேயே தன் அல்ட்ராமெட்டிக்கில் செய்து காட்டியிருந்தது.

இப்போது மந்திரக்காரர்கள் ஒருபோதும் போடாத கணக்கொன்றைப் போடுவோம். புறப்பாட்டின் பாய்ச்சலைத் தீர்மானிப்பது பின்னச்சு மட்டும் அன்று. முதற்கியரும் பின்னச்சும் பெருக்கி வரும் எண். டர்போ 400-இன் முதற்கியர் 2.48. அதை 4.10-ஆல் பெருக்கினால் 10.17. 700-ஆர்-4-இன் முதற்கியர் 3.06. அதை 3.42-ஆல் பெருக்கினால் 10.47. அதாவது, 3.42 பின்னச்சோடு 700-ஆர்-4 பூட்டிய கார் சிவப்பு விளக்கிலிருந்து புறப்படும்போது 4.10 காரைவிட ஒரு நூல் கூடுதலாகவே பாயும். அதே கார் நெடுஞ்சாலையில் 70 மைலில் ஓவர்டிரைவில் போகும்போது எஞ்சின் 2,170-இல் முணுமுணுக்கும். மற்றது 3,700-இல் அலறும். நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு சுழற்சி வித்தியாசம். அந்தச் சிக்காகோப் பயணத்தில் மட்டும் எஞ்சின் மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட தடவை வீணாகச் சுழலாமல் மிச்சமாகிறது. எதையும் இழக்காமல் கிடைக்கும் இலாபம் இது. இதை வேண்டாம் என்பவர் காரை நேசிக்கிறாரா, தமது இளமைக்கால வாதத்தை நேசிக்கிறாரா என்பது எனக்கு விளங்கவில்லை.

அவசரப்பட்டு மறுபக்கத்தில் விழுபவர்களும் உண்டு, அவர்களையும் விடுவதற்கில்லை. ஓவர்டிரைவ் பெட்டியை வாங்கிப் பூட்டிவிட்டு, பின்னால் 3.08-ஐ அப்படியே வைத்திருப்பார்கள். 70 மைலில் 1,950 சுழற்சி. தொழிற்சாலைக் கேம்ஷாப்ட் உள்ள எஞ்சினுக்கு அது சுகம். வால்வுகளை நீண்ட நேரம் திறந்து வைக்கும் போட்டிக் கேம்ஷாப்ட் போட்ட எஞ்சினோ 1,950-இல் மூச்சுத் திணறும்; விக்கும்; ஓட்டுநர் கியரைக் குறைத்துக்கொண்டே போவார். அதனோடு லொக்-அப் இல்லாத 2,800 ஸ்டோல் கன்வேர்ட்டரும் சேர்ந்தால், எஞ்சின் ஸ்டோல் வேகத்துக்கு எவ்வளவோ கீழே பயணம் முழுதும் ஓட, எண்ணெய் முழு வழியிலும் கடைபடும். ஓவர்டிரைவ் பூட்டியும் பெட்டி எரிந்துவிட்டதே என்று பிறகு அழுவார்கள். கேம்ஷாப்ட், கன்வேர்ட்டர், முதற்கியர், கடைசிக் கியர், பின்னச்சு, டயர் ஆறும் ஒரே குடும்பம். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றவை ஒத்துப்போகும் என்று எதிர்பார்ப்பது சம்பந்தி வீட்டாரைக் கேளாமல் முகூர்த்தம் குறிப்பதற்கு ஒப்பு. என்னைக் கேட்டால், நெடுஞ்சாலை வேகத்தை முதலில் குறித்துக்கொண்டு பின்னோக்கி வரவேண்டும் என்பேன். 70 மைலில் எஞ்சின் 2,200-க்கும் 2,500-க்கும் இடையில் நிற்கட்டும். அந்தச் சுழற்சியில் முறையாக இழுக்கும் கேம்ஷாப்டைத் தெரிவுசெய்யுங்கள். அந்தக் கேம்ஷாப்டுக்கு ஏற்ற கன்வேர்ட்டரை, எஞ்சினின் முறுக்குவிசையைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கராஜ்காரர் எதிர்த்திசையில் தொடங்கினால் திறப்பை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

எல்லா எஞ்சினுக்கும் ஒரே சீட்டு என்ற மடமைக்குப் பியூக் நிறுவனத்தின் 1970-ஆம் ஆண்டு ஜீ.எஸ். 455 நல்ல மறுப்பு. அதன் உச்ச முறுக்குவிசை 510 இறாத்தல்-அடி. அது கிடைக்கும் இடம் 2,800 சுழற்சி. இப்படிப்பட்ட எஞ்சினுக்கு மூவாயிரம் கன்வேர்ட்டரைப் பூட்டுவதென்றால், அதன் மிகப் பலமான இடத்தைத் தாண்டிய பிறகே கார் நகரத் தொடங்கட்டும் என்று உத்தரவிடுவது போன்றது. யானைக்கு வால் பிடித்துத் தள்ளிவிடும் வேலை. பியூக் பொறியியலாளர்கள் இதை அறிந்தவர்கள். 1965 முதல் 1967 வரை அவர்களுடைய டர்போ 400 பெட்டிகளில் ஸ்டேட்டரின் இதழ்க் கோணமே மாறக்கூடியதாயிருந்தது. புறப்பாட்டுக்கு ஒரு கோணம், பயணத்துக்கு வேறொரு கோணம். பாய்ச்சலையும் பயணத்தையும் ஒரே பெட்டிக்குள் சமரசம் செய்துவைக்க அறுபதுகளிலேயே தொழிற்சாலை முயன்றிருக்கிறது. மந்திரக்காரர்கள் தாங்கள்தாம் அந்தக் காலத்தின் வாரிசுகள் என்கிறார்கள்; வாரிசுகள் மூத்தோரின் ஏட்டைப் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

"ஓவர்டிரைவ் பெட்டிகள் பலவீனமானவை" என்பது அடுத்த பாட்டு. ஆரம்பகாலத்துப் பெட்டிகள் சில பலவீனமாக இருந்தன என்பது உண்மை. ஆனால் எரிந்துபோன பல பெட்டிகளின் மரணத்துக்குக் காரணம் ஒரு கேபிள். 700-ஆர்-4, 200-4-ஆர், ஏ.ஓ.டி. மூன்றிலும் கார்புரேட்டரிலிருந்து கியர்பெட்டிக்கு ஒரு டீ.வீ. கேபிள் போகிறது. எஞ்சின் எவ்வளவு பாடுபடுகிறது என்பதைப் பெட்டிக்குச் சொல்லி, எண்ணெய் அழுத்தத்தை ஏற்றுவது அதுவே. அது தளர்ந்திருந்தால் அழுத்தம் போதாமல் கிளச்சுகள் வழுக்கிச் சில மைல்களிலேயே எரிந்துவிடும். பழைய டர்போ 350-இல் உள்ள கேபிள் கியர் இறங்குவதற்கு மட்டுமே. அது தளர்ந்தாலும் பெட்டி சாகாது. இரண்டும் ஒன்றென்று நினைத்துப் பூட்டியவர்கள் பெட்டியைக் குற்றம் சொன்னார்கள். கேபிள் வேண்டாம் என்பவருக்கு மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்கும் 4-எல்-80-ஈ இருக்கிறது. 1991-இல் வந்த அது டர்போ 400-இன் நேர்வாரிசு; முதல் மூன்று கியர்களும் அதே அளவு, நான்காவது 0.75. கனமானது, பருமனானது, பலமானது. கிறைஸ்லர் கார்க்காரர்களின் பாடு சற்றுக் கடினம். அந்நிறுவனத்தின் பிற்கால ஓவர்டிரைவ் பெட்டிகள் பருத்த வாலுடையவை. காரின் தளத்தை வெட்டாமல் உள்ளே போகா. அவர்கள் இருக்கிற பெட்டியின் பின்னால் தனி ஓவர்டிரைவ் ஒன்றைப் பூட்டிக்கொள்வது நல்லது. கியர் வெண்டர்ஸ் நிறுவனத்தினது 0.78 தருகிறது.

இனித் தூய்மைவாதிகள். எஞ்சின் இலக்கமும் கியர்பெட்டி இலக்கமும் தொழிற்சாலையில் பொறித்தபடியே இருக்கவேண்டும், மாற்றினால் காரின் மதிப்புப் போய்விடும் என்பது அவர்கள் கட்சி. இவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. வரலாற்றுச் சான்றை அழிக்கக்கூடாது. ஆனால் 200-4-ஆர் நீளத்தில் டர்போ 350-ஐ ஒத்தது; பெரும்பாலான கார்களில் உந்துதண்டை வெட்டவேண்டிய அவசியமே இல்லை. பழைய பெட்டியைத் துடைத்து, எண்ணெயிட்டு, கட்டி வீட்டு மூலையில் வைத்துவிடலாம். விற்கும் நாளில் ஒரு வார இறுதியில் திரும்பப் பூட்டிவிடலாம். வேடிக்கை என்னவென்றால், ஓவர்டிரைவைக் கண்டு தீட்டென்று ஒதுங்கும் இதே தூய்மைவாதிகளிற் பலருடைய காரில், தொழிற்சாலை கொடுத்த 3.31-ஐக் கழற்றி எறிந்துவிட்டுப் பூட்டிய 4.10 இருக்கிறது. அதற்குத் தீட்டில்லையாம்.

செலவு என்ற வாதத்துக்கு மட்டும் நான் தலைவணங்குவேன். பெட்டி, கன்வேர்ட்டர், குளிராக்கி, கூலி எல்லாம் சேர்ந்தால் சிறிய தொகை அன்று. பணம் இல்லாதவர் ஒன்றும் செய்யாமலே இருக்கலாம் என்பது என் கருத்து. தொழிற்சாலை கொடுத்த மூன்று கியரும், 3.08-ஓ 3.31-ஓ, சாதாரண கன்வேர்ட்டரும் உள்ள காரை அப்படியே ஓட்டுங்கள். கால் மைலில் அரை விநாடியோ ஒரு விநாடியோ தாமதமாகும். அதை அளக்க உங்கள் அருகில் எவரும் கடிகாரத்தோடு நிற்கப்போவதில்லை. கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் தனிக் குளிராக்கி ஒன்றும் எண்ணெயின் வெப்பத்தைக் காட்டும் மானி ஒன்றும் பூட்டுங்கள். 4.10-ஐ வாங்கிப் பூட்டுவதற்கான கூலியைவிட அது மலிவு.

கடைசியாக, "உண்மையான வேகக்காரை நெடுஞ்சாலையில் ஓட்ட முடியாது" என்ற பெருமைப் பேச்சு. 'ஹொட் ரொட்' சஞ்சிகை 2005-இல் டிராக் வீக் என்னும் போட்டியைத் தொடங்கியது. ஒரே வாரத்தில் ஐந்து நாள் ஓடுபாதையில் கால் மைல் ஓட வேண்டும். ஓர் ஓடுபாதையிலிருந்து மற்றதற்கு அதே காரைப் பொதுச்சாலையில் தாமே ஓட்டிச் செல்ல வேண்டும். மொத்தத் தூரம் ஆயிரம் மைல் அளவில் வரும். காரை இழுவை வண்டியில் ஏற்றினால் ஆட்டம் முடிந்தது. இதில் கால் மைலை எட்டு விநாடிகளுக்குள் கடக்கும் கார்களும் ஓடி முடித்திருக்கின்றன. அவற்றின் அடியில் குனிந்து பாருங்கள்: பலவற்றில் ஓவர்டிரைவ் இருக்கும், லொக்-அப் கன்வேர்ட்டர் இருக்கும், பெரிய குளிராக்கி இருக்கும். எட்டு விநாடிக் கார் ஆயிரம் மைல் ஓடி வீடு போகும்போது, பதினான்கு விநாடிக் காரை வைத்துக்கொண்டு நாற்பது மைல் அப்பாலுள்ள திருவிழாவுக்கு இழுவை வண்டி பிடிப்பவரிடம் அந்தச் சீட்டை எழுதியவர் யார் என்று கேட்க எனக்கு ஆசை.